பயண நேரமா, பயணக் காலமா, செல்லும் நேரமா?

சென்ற வருடம், வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் விடும் ஒரு நிறுவனம் தன் துண்டுப் பிரசுரத்தைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கேட்டது. முன்னும் பின்னுமாக ஒரே தாள். அதில் ஒரு வரி, ‘ஜேர்னி டைம் 8.30’. நான் யோசிக்கவே இல்லை. ‘பயண நேரம்: 8.30’ என்று எழுதிக் கொடுத்துக் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு முதிய அம்மா இரவு எட்டேகாலுக்கு முச்சக்கர வண்டியில் இரண்டு பயணப் பைகளோடு காலி வீதியில் வந்து இறங்கியிருக்கிறார். பஸ் ஏழரைக்கே போய்விட்டது. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே இருந்த பையன், “அம்மா, புறப்படும் நேரம் பின்பக்கத்தில் தெளிவாக இருக்கிறதே” என்றான். “தம்பி, முன்பக்கத்தில் எட்டரை என்று போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஏழரை என்று போட்டால் நான் எந்தப் பக்கத்தை நம்புவது?” என்று கேட்டிருக்கிறார். ஏழரையை நம்பாதது அவருடைய குற்றம் அல்ல.

முதலாளி என்னை அழைத்து, “மொழிபெயர்ப்பில் பிழை” என்றார். நான் முதலில் மறுத்தேன். ஆங்கிலத்திலும் அதே 8.30தானே, அதே புள்ளிதானே? ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த வாதம் நிற்கவில்லை. ஆங்கிலம் வாசிப்பவர் ‘ஜேர்னி டைம்’ என்று கண்டதும் அதைப் புறப்படும் மணியாக எடுத்துக்கொள்ள மாட்டார். அது அந்த மொழியில் உறைந்துபோன ஒரு சொற்சேர்க்கை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச்சேரக் கழியும் அளவு என்றே அதற்குப் பொருள். தமிழில் ‘பயண நேரம்’ இன்னும் அப்படி உறையவில்லை. ‘சாப்பாட்டு நேரம்’ என்றால் சாப்பிட உட்காரும் நேரம். ‘பாடசாலை நேரம்’ என்றால் பாடசாலை நடக்கும் நேரம். அதே வாய்ப்பாட்டில் ‘பயண நேரம்’ என்றால் பயணம் கிளம்பும் நேரம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், இலக்கணம் அவர் பக்கம்தான் நிற்கும்.

ஆகவே பிரசுரத்தைத் திருத்தவேண்டும். எந்தச் சொல்லைப் போடுவது? ஆறு சொற்கள் கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்த கதை இது. தமிழில் அறிவித்தல், அட்டவணை, விளம்பரம் எழுதும் பலருக்கு இதே தொல்லை இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடுவோம். ‘ஜேர்னி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலச்சொல்லுக்கு ஒரு நாள் வேலை, ஒரு நாளில் போகும் தூரம் என்றெல்லாம் பொருள். நாள் என்பது அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ‘டிராவல்’ இன்னும் சுவையானது. பாடுபடுதல், வருந்துதல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கும் பின்னால் போனால் மூன்று கம்புகளால் ஆன ஒரு சித்திரவதைக் கருவியின் இலத்தீன் பெயரில் போய் முட்டும். மாலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் 138ஆம் இலக்க பஸ் ஏறி மகரகம வரை நின்றுகொண்டே போகிறவர்களுக்கு இந்தச் சொற்பிறப்பை விளக்கத் தேவையில்லை.

வழக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ரயில், பஸ் அட்டவணைகளில் ‘ஜேர்னி டைம்’ அதிகம் வரும். வீதிப் பொறியியலாளர்களும் வரைபடச் செயலிகளும் ‘டிராவல் டைம்’ என்பார்கள். அலுவலகப் படிவங்களில் ‘டிராவல் டைம்’ வந்தால், வேலை நிமித்தம் வழியில் கழிந்த, சம்பளத்தில் சேர்ப்பதா விடுவதா என்று சண்டை பிடிக்கும் மணித்தியாலங்கள். பூகம்பவியலிலோ அதே சொல்லுக்கு மனிதர்களே வேண்டியதில்லை. அதிர்வு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேர எடுக்கும் அளவு அது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது நமது கடிகாரத்தில் காலை 6.59 அளவில், அலை கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆனது. ஆழிப்பேரலை வரைபடங்களில் கோடு கோடாக வரைந்து காட்டுவது இதைத்தான். ஆங்கிலத்தில் அதற்கும் ‘டிராவல் டைம்’ என்றே பெயர். தமிழில் அதைப் ‘பயண நேரம்’ என்று எழுதிய கட்டுரை ஒன்றைப் பார்த்து எனக்குக் கசந்தது. அலை பயணம் போகவில்லை. ‘கரையை அடையும் நேரம்’ என்பதுதான் அங்கே பொருந்தும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் என்ற சட்டம் வைத்துக்கொண்டால் இப்படித்தான் அகப்பட்டுக்கொள்வோம்.

‘டிரான்சிட் டைம்’ இன்னொரு கூத்து. கொழும்புத் துறைமுகத்தோடு தொழில் செய்கிறவர்களுக்கு அது சரக்கு ஏற்றிய துறையிலிருந்து இறக்கும் துறை வரை கழியும் நாட்கள். தூத்துக்குடியில் ஏற்றிய கொள்கலன் கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகிறதென்றால், கொழும்புத் தளத்தில் அது சும்மா கிடந்த நாட்களும் அதற்குள் அடங்கும். 2023 இறுதியில் செங்கடல் வழி ஆபத்தானதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் சரக்குக்கு இந்த நாட்கணக்கு பத்து நாள் அளவில் கூடியது. புறக்கோட்டை வியாபாரிகள் வாயிலும் இந்தச் சொல் அப்போது அதிகம் அடிபட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்திலோ ‘டிரான்சிட்’ என்றால் ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததற்காகக் காத்து உட்கார்ந்திருப்பது. துறைமுகத்தில் முழுவழியையும் குறிக்கும் சொல், முப்பது கிலோமீட்டர் வடக்கே போனால் நடுவழியில் குந்தியிருப்பதைக் குறிக்கிறது. ஆங்கிலம் தெளிவு, தமிழ்தான் குழப்பம் என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் காட்டுவேன்.

இனி நமது சொற்கள்.

‘பிரயாண நேரம்’ என்பதை முதலிலேயே தள்ளிவைத்தேன். பிழையான சொல் அல்ல. ‘பயணம்’ என்பதே ‘பிரயாணம்’ தேய்ந்து வந்ததுதான். எங்கள் தாத்தாமார் ‘பிரயாணம்’ என்றே எழுதினார்கள். ஆனால் இன்று அந்தச் சொல்லைப் பார்த்தால் பஞ்சாங்கம் நினைவுக்கு வருகிறது. ‘பிரயாணத்துக்கு உகந்த நேரம்’ என்று பார்த்து, செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்று பாலைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் வடக்கே இருக்கிறது. ‘பிரயாண நேரம் 8.30’ என்று போட்டால், பஸ் நிறுவனமே சுபவேளை கணித்துக் கொடுத்திருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள்.

‘பயணக் காலம்’ அப்படித் தள்ளக்கூடியது அல்ல. அதற்கு வலுவான சாட்சி பக்கத்து நிரலிலேயே இருந்தது. பிரசுரத்தின் சிங்களப் பகுதியில் ‘கமன் காலய’ என்று போட்டிருந்தார்கள். சிங்களத்தில் ‘காலய’ என்றால் கழியும் அளவு. கடிகாரம் காட்டும் நேரத்துக்கு ‘வேலாவ’ என்று தனிச்சொல் உண்டு. ஆகவே சிங்கள வாசகர் ஒருவரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. நமக்கும் ‘வேளை’ இருந்ததுதான். இப்போது அது சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் மட்டும் சுருங்கிவிட்டது: மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். மற்ற எல்லாச் சுமையும் ‘நேரம்’ என்ற ஒரே முதுகில். நல்ல நேரம், கெட்ட நேரம், தூங்கும் நேரம், போகும் நேரம், போக எடுக்கும் நேரம், எல்லாம் அதுதான்.

அப்படியானால் ‘காலம்’ என்று மாற்றிவிடலாமே? முதலாளியின் மருமகனும் அதைத்தான் சொன்னார். ஆனால் தமிழ்க் காதுக்குக் காலம் என்றால் நீளம். மழைக்காலம், போர்க்காலம், திருவிழாக் காலம். எட்டரை மணித்தியாலத்தைக் காலம் என்று சொன்னால் ஒரு பெருமூச்சு சேர்ந்து வருகிறது. போதாததற்கு அந்தச் சொல்லை வேறொருவர் ஏற்கெனவே பிடித்துவிட்டார். காப்புறுதிப் படிவத்திலும் விசா விண்ணப்பத்திலும் ‘பயணக் காலம்’ என்றால் எத்தனையாம் திகதி முதல் எத்தனையாம் திகதி வரை வெளிநாட்டில் இருப்பீர்கள் என்பது. அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கப்பல் சரக்குக்கும், நாட்கணக்கு என்பதால், எனக்கு உடன்பாடுதான். இரவு பஸ்ஸுக்கு வேண்டாம்.

‘ஓட்ட நேரம்’ தொழில்காரர்களின் சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது. கொழும்புத் தனியார் பஸ் நடத்துனர்கள் ‘ரன்னிங் டைம்’ என்பார்கள். இந்தத் தரிப்பிலிருந்து அந்தத் தரிப்புக்கு இத்தனை நிமிடத்தில் ஓடவேண்டும் என்று பஸ்ஸுக்கு வகுத்த கணக்கு. பானந்துறை 100ஆம் இலக்க பஸ் பம்பலப்பிட்டிச் சந்தியில் ஆள் பிடிக்க அசைந்து அசைந்து ஊர்வதும், பிறகு தெஹிவளைப் பாலத்தில் உயிரைக் கையில் பிடிக்கவைத்துப் பறப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பாதிகள். முன்பாதியில் தொலைத்ததை நேரக்காப்பாளரின் கொப்பியில் குறி விழும் முன் பின்பாதியில் எடுக்கவேண்டும். ஆனால் அது வண்டியின் கணக்கு. தேநீர்க் கடையில் நின்ற இருபது நிமிடம் ஓட்டமா என்று பயணி கேட்டால் பதில் சொல்ல முடியாது. படத்தின் நீளத்தையும் ஓட்ட நேரம் என்கிறார்கள். பிரசுரத்துக்கு ஆகாது.

ஆங்கிலத்தை அப்படியே ‘ஜேர்னி டைம்’ என்று தமிழில் எழுதிவிடலாம் என்று அச்சகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். கொழும்பில் இது எப்போதும் ஒரு வழிதான்; டிக்கெட்டையும் லக்கேஜையும் யார் மொழிபெயர்க்கிறார்கள்? ஆனால் ‘டிக்கெட்’ என்பது அந்த அம்மாவின் சொல். ‘ஜேர்னி டைம்’ அவருடைய சொல் அல்ல. அவர் அதைப் புரிந்துகொள்ளாமல் பின்பக்கம் திருப்பிப் பார்த்திருப்பார், பஸ்ஸையும் பிடித்திருப்பார் என்பது வேறு கதை!

எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘செல்லும் நேரம்’. இங்கே நாம் ஒருவரை ஒருவர் கேட்பது இப்படித்தானே: “வவுனியாவுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?” “ஐந்து மணித்தியாலம் செல்லும்.” தமிழ்நாட்டில் ‘ஆகும்’ என்பார்கள், ‘பிடிக்கும்’ என்பார்கள். நமது வாயில் நேரமும் செல்கிறது, ஆளும் செல்கிறார், காசும் செல்கிறது. இது பழைய சரக்கு. சங்கப் பாடல்களில் ‘செலவு’ என்றாலே பயணம்தான். பொருள் தேடிப் புறப்பட்டவன் தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல் நின்றுவிடுவதற்குச் ‘செலவழுங்குதல்’ என்று பாலைத் திணையில் பெயரே இருக்கிறது. இன்று செலவு என்றால் பணம்; டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகாமல் நிற்கிறவரும் ஒருவகையில் செலவழுங்குகிறவர்தான். இவ்வளவு வேர் உள்ள ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் தாளில் தனியாக, ‘செல்லும் நேரம்: 8.30’ என்று எழுதிப் பார்த்தேன். முன்னதை விட மோசம். பஸ் செல்லும் நேரம் எட்டரை என்று சின்னப் பிள்ளையும் வாசிக்கும். வாயில் தெளிவாக இருக்கும் சொல் தலைப்பில் அகப்பட்டதும் மங்கிவிடுகிறது. ‘எவ்வளவு’ என்ற கேள்வியோடு வந்தால் மட்டும்தான் அது அளவு.

கடைசியில் மிஞ்சியது மறுபடியும் ‘பயண நேரம்’. அந்த அம்மாவை நடுத்தெருவில் நிறுத்திய அதே சொல்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் இவ்வளவு நேரமும் முன்னால் உள்ள சொல்லைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு பின்னால் உள்ள எண்ணில் இருந்தது. 8.30 என்பது என்ன? நமது நாட்டில் புள்ளி வைத்த இரண்டு எண் எப்போதும் கடிகாரம். அறிவித்தல்களில் பி.ப. 7.30 என்றும் மு.ப. 9.00 என்றும் அப்படித்தான் எழுதுகிறோம். கணக்காளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் எட்டு மணித்தியாலம் பதினெட்டு நிமிடம் என்றார். தசமமாக எடுத்தால் அவர் சொல்வதும் சரி. ஒரே எண்ணுக்கு மூன்று வாசிப்பு.

இதற்கு மருந்து நம்மிடம் எப்போதோ இருக்கிறது: ‘மணித்தியாலம்’. இலங்கைத் தமிழுக்கு வாய்த்த மிக உபயோகமான சொற்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன். ‘எட்டு மணி’ என்றால் கடிகாரம் காட்டுவது. ‘எட்டு மணித்தியாலம்’ என்றால் கழிந்த அளவு. ஒருநாளும் ஒன்று மற்றதன் இடத்துக்கு வராது. தமிழ்நாட்டார் ‘மணி நேரம்’ என்று இரண்டு சொல்லால் சமாளிக்கிறார்கள். அதுவும் தெளிவுதான், ஆனால் அவசரத்தில் ‘நேரம்’ உதிர்ந்துபோய் ‘எட்டு மணி பயணம்’ ஆகிவிடும். நமது சொல்லில் உதிர ஒன்றுமில்லை. ‘பயண நேரம்: 8 மணித்தியாலம் 30 நிமிடம்’ என்று எழுதினால் யாரும் எட்டரைக்கு வந்து நிற்கமாட்டார்கள். சிங்களத்துக்கு ‘காலய’ செய்யும் வேலையை நமக்கு அலகு செய்துவிடுகிறது.

தூரத்தைச் சொல்லிவிட்டால் போதும், ஆட்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள் என்று முதலாளி ஒரு கட்டத்தில் சொன்னார். ஊரில் ‘ஆறாம் கட்டை’, ‘ஏழாம் கட்டை’ என்று மைல்கல்லைச் சொல்லி வழி காட்டிய காலத்தில் அது சரி. அதற்கும் முன்னே ‘நாழிகை வழி’ என்று ஒரு அளவு இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது இருபத்து நான்கு நிமிடத்தில், நடந்து கடக்கும் தூரம். நேரத்தால் தூரத்தை அளந்தவர்கள் நாம். ஆனால் தூரத்தால் நேரத்தை அளக்க இந்தத் தீவு இடம் கொடுக்காது. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பதுளைக்கு 290 அளவில். பதுளை ரயில் மலையேறி ஒன்பது பத்து மணித்தியாலம் எடுக்கும், யாழ்ப்பாண ரயில் அதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிடும். நூறு கிலோமீட்டர் குறைவான வழி இரண்டு மணித்தியாலம் கூடுதல்.

புறப்படும் நேரத்தையும் வந்துசேரும் நேரத்தையும் மட்டும் போட்டுவிட்டு, கழிவை வாசகரிடம் விடுவது இன்னொரு வழி. ரயில் அட்டவணைகள் காலகாலமாக இப்படித்தான். இதில் சொல் பிரச்சினையே இல்லை என்பது உண்மை. நாட்டுக்குள் இது நன்றாக வேலை செய்கிறது. கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கும் வரை. பகல் ஒரு மணிக்குக் கொழும்பில் ஏறி இரவு ஏழுக்கு லண்டனில் இறங்கினால் ஆறு மணித்தியாலம் அல்ல, குளிர்காலத்தில் பதினொன்றரை. விமானக்காரர்கள் இதனால்தான் கழியும் அளவைத் தனியாக எழுதுகிறார்கள். அதையும் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை என்று எண்ணி, ‘பிளாக் டைம்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து சென்னைக்கு அவர்கள் போடும் ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஓடுபாதையில் ஊர்ந்ததும் உண்டு.

நாட்டுக்குள்ளேயே கடிகாரம் இரண்டான காலமும் இருந்தது என்பதை இளையவர்கள் நம்பமாட்டார்கள். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரையைத் திருப்பியது 2006 ஏப்ரலில்தான். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றங்கள் எதையும் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் ஓமந்தையைக் கடக்கிறவர் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே வைக்கவேண்டும். முகமாலையைத் தாண்டியதும் மறுபடி முன்னே. காலை ஆறுக்குக் கொழும்பில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கியவர் அங்கே மூன்று மணி என்று கண்டு ஒன்பது மணித்தியாலப் பயணம் என்று கணக்குப் போட்டால், அவருடைய முதுகு ஒத்துக்கொள்ளாது. அது ஒன்பதரை என்று முதுகுக்குத் தெரியும். நான் அந்த வழியில் போனபோது பஸ்ஸில் பாதிப்பேர் கடிகாரத்தைத் தொடவேயில்லை. “எந்த நேரப்படி?” என்று கேட்டே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். புதிய நேரம், பழைய நேரம் என்ற இரண்டு சொல் அப்போது அன்றாடச் சொற்கள்.

ஆக, முடிவுக்கு வந்தேன். தலைப்புக்குப் ‘பயண நேரம்’. எண்ணுக்குப் பின்னால் கட்டாயம் மணித்தியாலம். புறப்படும் நேரமும் வந்துசேரும் நேரமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். ‘சுமார்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்தேன். புத்தளம் வழியில் மழை பெய்தால் எட்டரை ஒன்பதரை ஆவது எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததை எழுதுவதில் வெட்கம் என்ன?

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தோண்டிய கை சும்மா இருக்கவில்லை. “எட்டரை மணித்தியாலம் எங்கிருந்து?” என்று முதலாளியைக் கேட்டேன். “கொழும்பிலிருந்து.” “கொழும்பில் எங்கிருந்து?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த பஸ் ஏழரைக்கு வெள்ளவத்தையில் கிளம்பும். பம்பலப்பிட்டியில் நிற்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்துக்காக இருபது நிமிடம் காத்திருக்கும். வத்தளையில் கடைசி ஆட்களை ஏற்றும்போது ஒன்பது மணி நெருங்கிவிடும். அவருடைய எட்டரை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வெள்ளவத்தையில் முதல் ஆசனத்தில் உட்கார்ந்தவருக்கு அது பத்து. அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலத்தில் காலி என்று சொல்கிறவர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள். 2011இல் அந்தப் பாதை திறந்ததிலிருந்து அந்த ஒரு மணித்தியாலம் உண்மைதான். ஆனால் அது கொட்டாவையில் ஏறியபின் ஓடத் தொடங்கும் கடிகாரம். வெள்ளவத்தையிலிருந்து மாலையில் கொட்டாவைக்குப் போய்ச்சேர்வது யாருடைய கணக்கிலும் இல்லை.

எந்தச் சொல்லைப் போட்டாலும் இந்த ஒன்றரை மணித்தியாலத்தை அது மறைத்துவிடும். ‘ஜேர்னி டைம்’ மறைத்தது, ‘கமன் காலய’ மறைத்தது, நானும் மறைத்தேன். ஆகவே ‘வத்தளையிலிருந்து’ என்று ஒரு சொல் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். “ஐயா, எதிர்க்கடைக்காரனும் எட்டரை என்றுதான் போடுகிறான். நான் மட்டும் வத்தளை என்று எழுதினால் ஆட்கள் அவனிடம் போய்விடுவார்கள்.” வியாபாரக் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அந்த அம்மாவை நினைவுபடுத்தினேன். அவர் இரண்டு நாள் தவணை கேட்டார்.

புதிய பிரசுரத்தில் இப்போது இப்படி இருக்கிறது: ‘புறப்படும் நேரம்: வெள்ளவத்தை, பி.ப. 7.30. பயண நேரம்: வத்தளையிலிருந்து சுமார் 8 மணித்தியாலம் 30 நிமிடம். வந்துசேரும் நேரம்: யாழ்ப்பாணம், மு.ப. 5.30 அளவில்.’ ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வத்தளை இல்லை. ஏன் என்று கேட்டேன். அந்த இரண்டையும் வேறு ஆள்தான் பார்க்கிறாராம்.